வடம் தெறிக்கும் எல்லையைத் தளத்தில் வரையலாமா, கூடாதா?

அணியம்:
எங்கள் கப்பலின் முன்தளத்தில் மஞ்சள் கோடு போட்டுக் குறித்திருந்த தெறிப்பு எல்லைகளை, அதாவது கப்பலைக் கரையோடு கட்டும் வடம் அறுந்தால் தெறித்து அடிக்கக்கூடிய இடங்களின் எல்லைகளை, முழுவதும் சுரண்டி எடுக்கச் சொல்லி நிர்வாகத்திலிருந்து உத்தரவு வந்திருக்கிறது. அதற்குப் பதிலாக நுழைவில் ஒரே ஒரு பலகை: "இத்தளம் முழுவதும் ஆபத்துப் பகுதி." எனக்கு இது கொஞ்சமும் ஒப்பவில்லை. முதன்முறை கப்பலேறிய பையனிடம் எல்லா இடமும் ஆபத்து என்றால் அவன் எங்கேதான் நிற்பான்? கோடு இருந்தவரை, "அதற்குள் காலை வைக்காதே" என்று ஒரே வார்த்தையில் சொல்லி முடித்துவிடலாம்.

உருளைக்கட்டை:
உத்தரவு சரியானது. அந்தக் கோட்டை வரைந்தவர் எந்த வடம் எந்த ஃபேர்லீட் (தள விளிம்பில் வடத்தை வழிநடத்தும் துளை அல்லது உருளை) வழியாகக் கரையின் எந்த பொல்லார்டுக்கு (வடம் மாட்டும் தூணுக்கு) போகும் என்று ஒரு கணக்கு வைத்துத்தான் வரைந்திருப்பார். அடுத்த துறைமுகத்தில் பொல்லார்ட் தள்ளி இருக்கும், வடத்தின் கோணமே மாறிவிடும். வடம் நேராகப் போகும்போது தெறிக்கும் திசையை ஓரளவு ஊகிக்கலாம். நடுவில் ஓர் உருளையைச் சுற்றித் திரும்பினால், அறுந்த முனை சாட்டை போலச் சுழன்று அகலமான பரப்பைத் துடைத்துக்கொண்டு வரும். பிரிட்டனின் மாலுமிகளுக்கான பாதுகாப்பு நடைமுறைத் தொகுப்பு இதை வெளிப்படையாகவே சொல்கிறது: கட்டுத்தளம் முழுவதையும் தெறிப்புப் பகுதியாகக் கருதுங்கள், எல்லைகளை வண்ணம் தீட்டிக் காட்டுவதைத் தவிருங்கள், அது பொய்யான தைரியத்தைக் கொடுத்துவிடும் என்று.

பாய்மரம்:
இரண்டு பேரும் பழைய நைலான் காலத்திலேயே நிற்கிறீர்கள். எங்கள் கப்பலில் இப்போது ஹெச்.எம்.பி.இ. என்ற உயர்வலுப் பாலியெத்திலீன் இழை வடங்கள். எடை குறைவு, பலம் இரும்புக் கம்பி வடத்துக்கு நிகர், நீட்சி மிகமிகக் குறைவு. நீளாத வடத்தில் ஆற்றல் சேராது. சேராத ஆற்றல் எங்கிருந்து தெறிக்கும்? அறுந்தாலும் அப்படியே கீழே விழும்.

உருளைக்கட்டை:
பாய்மரம், உங்கள் வடத்தின் நுனியில் வால்வடம், அதாவது நீளக்கூடிய குட்டை வடம், மாட்டியிருக்கிறீர்களா இல்லையா? மாட்டியிருப்பீர்கள். கப்பல் அலையில் ஆடும்போது தாங்குவதற்கு நீட்சி வேண்டும் என்றுதானே பாலியெஸ்டரிலோ நைலானிலோ அதைப் பொருத்துகிறோம்? அந்த வால்தான் ஆற்றலைச் சேர்த்து வைக்கிறது. 2015 மார்ச்சில் மில்ஃபோர்ட் ஹேவனில் ஸார்கா என்ற எல்.என்.ஜி. (திரவ இயற்கை எரிவாயு) கப்பலைக் கட்டும்போது நடந்தது இதுதான். அறுந்ததும் நீட்சி குறைந்த இழை வடமே. அது திரும்பி வந்து ஓர் அதிகாரியின் தலையைப் பதம் பார்த்தது; பலத்த காயம். விசாரித்த பிரிட்டன் கடல் விபத்துப் புலனாய்வுப் பிரிவு, வால்வடத்தின் நீட்சி தெறிப்பு ஆபத்தைக் கணிசமாகக் கூட்டிவிடும் என்று எச்சரிக்கை விடுத்தது. "அப்படியே கீழே விழும்" என்பது விற்பனைப் பிரதிநிதியின் பேச்சு.

பாய்மரம்:
சரி, வால்வடத்தை ஒதுக்கிவிடவில்லை. ஆனால் பிரேக் எதற்கு இருக்கிறது? வின்ச் (வடத்தைச் சுற்றி இழுக்கும் பொறி) பிரேக்கை வடத்தின் முறிவு பலத்தில் 60 சதவீதத்தில் நழுவும்படி அமைத்து, முறையாகச் சோதித்திருந்தால், வடம் அறுவதற்கு முன் பிரேக் விட்டுக்கொடுத்துவிடும். கோட்டையும் பலகையையும் பற்றிப் பேசுகிறவர்களில் பாதிப் பேர் தங்கள் பிரேக்கைக் கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று சொல்ல மாட்டார்கள்.

கீழ்த்தளம்:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். 60 சதவீதம் என்பது புது வடத்தின் கணக்கு. எண்ணெய் நிறுவனங்களின் கடல்சார் அமைப்பான ஓ.சி.ஐ.எம்.எஃப்.பின் வழிகாட்டி, எஞ்சிய பலம் 75 சதவீதத்துக்குக் கீழே போகும் முன்பே வடத்தை மாற்றச் சொல்கிறது. பலம் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பதைக் கண்ணால் எப்படிப் பார்ப்பது? ஸார்கா வடத்தின் உள்ளே இழைகள் அமுக்க அயர்ச்சியால், அதாவது திரும்பத் திரும்ப அமுங்கியதால், நொந்து போயிருந்தன. மேலே உறை போட்ட வடத்தில் அது வெளியே தெரியாது. இன்னொன்று: துருவேறிய ஃபேர்லீட் உருளையை விரலால் தடவிப் பாருங்கள். பழைய கம்பி வடம் அறுத்த பள்ளங்கள் நகத்தில் சிக்கும். அதே உருளையில்தான் இழை வடத்தையும் ஓடவிடுகிறோம். 2024 ஜனவரி 1 முதல் சோலாஸ் என்ற சர்வதேசக் கடல் பாதுகாப்பு உடன்படிக்கையின் விதிப்படி கட்டுச்சாதனங்களைப் பரிசோதித்துப் பராமரிப்பது பழைய கப்பல்களுக்கும் சேர்த்தே கட்டாயம். நான் பார்த்த வரையில் அது பெரும்பாலும் பதிவேட்டில் டிக் அடிப்பதோடு முடிந்துவிடுகிறது.

அணியம்:
நன்றி, ஆனால் என் கேள்வி அப்படியே இருக்கிறது. வடம் எப்போது அறும் என்று எவராலும் சொல்ல முடியாது என்றால், நிற்கும் இடம் பற்றிய பேச்சு இன்னும் முக்கியமாகிறது. கரை கட்டுவதற்கு முன் கூடிப் பேசி, அன்றைய அமைப்புக்கேற்ப ஆபத்தான இடங்களைக் காட்டிக்கொடுங்கள் என்கிறார்கள். நல்ல யோசனைதான். நள்ளிரவில் மழை பெய்யும்போது, துறைமுகத்துக்குள் கப்பலை வழிநடத்தும் பைலட் ஒருபுறம் வானொலியில் அவசரப்படுத்தும்போது, அந்தப் பேச்சு இரண்டு நிமிடத்துக்கு மேல் நீண்டதில்லை. கோடு அப்போதும் தரையில் இருக்கும்.

உருளைக்கட்டை:
இருக்கும், அதன் மேல் ஒருவர் நின்றுகொண்டும் இருப்பார். உங்கள் தளத்தில் வின்ச் கைப்பிடி எங்கே இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். நான் வேலை பார்த்த பல கப்பல்களில் அது கோட்டுக்கு உள்ளேயே இருந்தது. கரை கட்டும் ஒவ்வொரு முறையும் வின்ச் ஓட்டுபவர் எல்லோர் கண்முன்னாலும் மஞ்சள் கோட்டைத் தாண்டி நிற்கிறார். அதைப் பார்த்து வளரும் பையனுக்குக் கோட்டின் மேல் என்ன மரியாதை இருக்கும்?

அணியம்:
உள்ளேதான் இருக்கிறது. அப்படியானால் கைப்பிடியை நகர்த்துங்கள்! 2024 முதல் ஒப்பந்தமாகும் பெரிய கப்பல்களில் ஆள் ஆபத்தான இடத்துக்குப் போகும் தேவையையே குறைத்து வடிவமைக்கச் சொல்கிறார்கள். பழைய கப்பலுக்குக் மின்கம்பித் தொடர்புடன் ஒரு தொலைக் கட்டுப்பாட்டுப் பெட்டி வாங்கித் தரக் கேட்டால் செலவு என்பார்கள். கோட்டைச் சுரண்ட ஒரு ஸ்கிரேப்பர் போதும், ஒரு டப்பா சாம்பல் பெயிண்ட் போதும். எது எளிதோ அதைத்தான் உத்தரவாக அனுப்பியிருக்கிறார்கள்.

கீழ்த்தளம்:
இதில் அணியம் பக்கம் நியாயம் இருக்கிறது. கோடு வேண்டும் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் கைப்பிடியைப் பற்றி எழுத்தில் கேளுங்கள், பாதுகாப்புக் குழுக் கூட்டக் குறிப்பில் ஏறட்டும். அதுவரை சுரண்டும் வேலையைத் தள்ளிப்போட முடியுமா என்றும் தளப் பணியாளர்களின் தலைவரான போசனிடம் கேட்டுப் பாருங்கள்.