19–18 ஆட்டத்தில் மைக்கன் எடுத்த 15 புள்ளிகளை எப்படி மதிப்பிடுவது?

புள்ளிக்கணக்கன் (கேள்வி):

அன்பர்களுக்கு வணக்கம். அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வின் வரலாற்றிலேயே மிகக் குறைந்த புள்ளிகள் எடுக்கப்பட்ட ஆட்டத்தின் ஸ்கோர் ஷீட்டை ஆராய்ந்துகொண்டிருக்கிறேன். 1950 நவம்பர் 22 அன்று மினியாபோலிஸ் நகரில் லேக்கர்ஸ் அணியை ஃபோர்ட் வெய்ன் பிஸ்டன்ஸ் அணி 19–18 என்ற கணக்கில் வென்ற ஆட்டம் அது. லேக்கர்ஸ் எடுத்த 18 புள்ளிகளில் ஜார்ஜ் மைக்கன் ஒருவரே 15 புள்ளிகளை எடுத்திருக்கிறார். அவருடைய கணக்கில் தலா இரண்டு புள்ளி பெறும் நான்கு கூடைகளும், எதிரணியின் ஃபவுலுக்காகத் தடையின்றி எறியக் கிடைக்கும், தலா ஒரு புள்ளி பெறும் ஏழு ஃப்ரீ த்ரோக்களும் உள்ளன. எஞ்சிய மூன்று புள்ளிகளும் ஃப்ரீ த்ரோவில் வந்தவையே. பிஸ்டன்ஸ் அணியில் அதிகபட்சம் ஜான் ஓல்தம் எடுத்த 5 புள்ளிகள்தான்.

ஓர் அணியின் புள்ளிகளில் ஒரே வீரரின் பங்கு 83 விழுக்காட்டைத் தொட்டது இன்றும் சாதனையாகவே குறிப்பிடப்படுகிறது. 1962-இல் வில்ட் சேம்பர்லின் தம் அணியின் 169 புள்ளிகளில் 100 எடுத்ததையும், 2006-இல் கோபி பிரையன்ட் தம் அணியின் 122-இல் 81 எடுத்ததையும் இதனோடு ஒரே அட்டவணையில் வைப்பது முறையாகுமா? இன்னொரு ஐயமும் உண்டு. அக்கால ஸ்கோர் ஷீட்டுகளில் இன்று நாம் பார்க்கும் பல பத்திகள் ஏன் காணப்படுவதில்லை?

நடுவர் விசில்:

நண்பரே, அந்த விழுக்காட்டைப் பார்க்கும் முன் கூடையை நோக்கி எத்தனை முறை பந்து எறியப்பட்டது என்பதைப் பாருங்கள். 48 நிமிடங்களில் லேக்கர்ஸ் 18 முறையும் பிஸ்டன்ஸ் 13 முறையும் மட்டுமே எறிந்தார்கள். இரு அணிகளும் ஆளுக்கு நான்கு கூடைகள் போட்டன. மொத்தமுள்ள 37 புள்ளிகளில் 21 ஃப்ரீ த்ரோக்களால் வந்தவை என்றால், ஆட்டம் பெரும்பாலும் ஃபவுல்களுக்கு இடையே நின்றுகொண்டிருந்தது என்றுதான் பொருள்.

காரணம் எல்லோரும் அறிந்ததே. சொந்த அரங்கில் லேக்கர்ஸ் அணியை வீழ்த்துவது அந்நாளில் ஏறத்தாழ நடவாத காரியமாக இருந்ததால், பிஸ்டன்ஸ் பயிற்சியாளர் மரே மெண்டன்ஹால் பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தும்படி தம் வீரர்களைப் பணித்தார். பந்தை எத்தனை நொடிகளுக்குள் எறிய வேண்டும் என்ற கட்டாயம் அப்போது இல்லாததால் விதிப்படி அதில் குற்றமில்லை. கடைசிக் கால்பகுதியில் பிஸ்டன்ஸ் 3 புள்ளிகளும் லேக்கர்ஸ் 1 புள்ளியும் எடுத்தன. சில நொடிகளே எஞ்சியிருந்தபோது லாரி ஃபௌஸ்ட் போட்ட கூடைதான் முடிவைத் தீர்மானித்தது.

அந்தப் பருவத்தில் மைக்கனின் சராசரி ஆட்டத்துக்கு 28.4 புள்ளிகள், லீகிலேயே முதலிடம். அப்படிப்பட்டவரை 15-இல் நிறுத்தியதைப் பிஸ்டன்ஸ் தடுப்பாட்டத்தின் வெற்றியாகவே கொள்ள வேண்டும். வகுக்கும் எண் 18 ஆகச் சுருங்கியதால்தான் அவருடைய பங்கு 83 விழுக்காடாக வீங்கியது. சேம்பர்லின், பிரையன்ட் ஆகியோரின் பெயர்களுக்கு மேலே இதை வைப்பதை நான் ஏற்கமாட்டேன்.

பழைய ஆடுகளம்:

ஐயா, நீங்கள் சொன்ன எண்களிலிருந்தே நான் வேறொரு முடிவுக்கு வருகிறேன். வகுக்கும் எண் சிறியது என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சிறிய எண் லேக்கர்ஸ் வீரர்கள் அனைவருக்கும் பொதுவானதல்லவா? ஜிம் பொல்லார்ட், வெர்ன் மிக்கெல்சன் போன்ற சிறந்த வீரர்கள் இருந்த அணியில் மைக்கனைத் தவிர வேறொருவராலும் அன்று ஒரு கூடைகூடப் போட முடியவில்லை. பிஸ்டன்ஸ் அணி முழுவதும் சேர்ந்து போட்ட நான்கு கூடைகளை அவர் தனியாகப் போட்டிருக்கிறார். எதிரணியின் திட்டமே அவரைச் செயலிழக்கச் செய்வது என்றிருந்தபோது அவர் ஒருவர் மட்டும் செயல்பட்டார் என்றால், அது கணக்கின் மாயம் அன்று.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். கூடைக்கு அடியில், தாக்கும் அணியின் வீரர் மூன்று நொடிகளுக்கு மேல் நிற்கக்கூடாத பகுதியின் அகலம் அன்று ஆறு அடிதான்; அத்தனை அருகில் 6 அடி 10 அங்குல மனிதர் நிலைகொண்டால் யாரால் அசைக்க முடியும்? அவரை மனத்தில் வைத்தே 1951–52 பருவத்திலிருந்து அதைப் பன்னிரண்டு அடியாக்கினார்கள். பிற்காலத்தவரோடு ஒப்பிடும்போது இந்த வேறுபாட்டை மறக்கக்கூடாது.

ஏட்டுச்சுவடி:

இரண்டாவது ஐயத்துக்கு மட்டும் விடை சொல்கிறேன். லீக் 1946-இல் தொடங்கியபோது கூடைகள், ஃப்ரீ த்ரோக்கள், அசிஸ்ட் (சக வீரர் கூடை போடப் பந்தைக் கொடுத்து உதவுவது), ஃபவுல் ஆகியவற்றையே எழுதிவைத்தார்கள். ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) கணக்கு நீங்கள் குறிப்பிடும் 1950–51 பருவத்தில்தான் தொடங்கியது. வீரர் களத்தில் இருந்த நிமிடங்கள் அதற்கு அடுத்த பருவத்திலும், ஸ்டீல் (எதிரணியிடமிருந்து பந்தைப் பறிப்பது), பிளாக் (எதிரணி எறியும் பந்தைத் தடுப்பது) ஆகியவை 1973–74-லும், டர்ன்ஓவர் (பந்தை எதிரணியிடம் இழப்பது) 1977–78-லும் சேர்ந்தன. தொலைவிலிருந்து எறியும் மூன்று புள்ளிக் கூடை 1979–80-இல்தான் வந்தது. ஆகவே மைக்கன் காலத்து வீரர் ஒருவருக்கு ‘பிளாக்: 0’ என்று ஏதேனும் இணையதளத்தில் கண்டால் அதை எண்ணாகக் கொள்ளாதீர்கள், அது வெற்றிடம்.

புள்ளிக்கணக்கன்:

மூவருக்கும் நன்றி. இந்த ஒரே ஆட்டத்தால்தான், பந்தை 24 நொடிகளுக்குள் கூடையை நோக்கி எறிய வேண்டும் என்ற விதி வந்தது என்று பலர் எழுதுகிறார்களே, அது சரியா?

நடுவர் விசில்:

அவ்வளவு நேரடியாகச் சொல்ல முடியாது. அதே பருவத்தில், 1951 ஜனவரி 6 அன்று, இண்டியனாபோலிஸ் ஒலிம்பியன்ஸ் அணி ரோச்செஸ்டர் ராயல்ஸ் அணியை ஆறு கூடுதல் நேரங்களுக்குப் பிறகு 75–73 என வென்றது. அங்கும் கடைசி எறிதலுக்காகப் பந்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்ததே நடந்தது. அதன் பிறகும் விதி வர மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. சிரக்யூஸ் நேஷனல்ஸ் அணியின் உரிமையாளர் டேனி பியாசோன், நல்ல ஆட்டமொன்றில் இரு அணிகளும் சேர்ந்து சுமார் 120 முறை எறிகின்றன என்று கணக்கிட்டு, 48 நிமிடங்களின் 2,880 நொடிகளை அதனால் வகுத்து 24 என்ற எண்ணைப் பெற்றார். 1954–55-இல் அது நடைமுறைக்கு வந்ததும் ஓர் ஆட்டத்தில் ஓர் அணி எடுக்கும் புள்ளிகளின் சராசரி 79.5-இலிருந்து 93.1-க்கு உயர்ந்தது. உங்கள் அட்டவணையில் மைக்கனின் வரியைச் சேர்ப்பதானால், அணி எத்தனை முறை எறிந்தது என்ற பத்தியையும் சேர்த்துவிடுங்கள். பழைய ஆடுகளம் அவர்களும் நானும் அதற்கு மேல் வாதாட வேண்டியிராது.