மறு: ஸ்கர்மிஷருக்குத் தமிழில் என்ன?

அன்புடையீர்,

மேசையில் பொம்மை வீரர்களை வைத்து ஆடும் நம் நெப்போலியப் போர் விளையாட்டு விதிகளில் இந்த ஒரு சொல் மட்டும் இன்னும் இழுபறியாகவே கிடக்கிறது. ஸ்கர்மிஷர் (skirmisher) என்றால் நெருங்கிய வரிசையில் நிற்காமல், கலைந்து பரவி நின்று சுடும் வீரர். வந்தவை மூன்று: தூசிப்படை, சிறுபூசல் வீரர், உதிரி வீரர்.

தூசிப்படை நல்ல பழஞ்சொல். ஆனால் அது முன்னால் போகும் படையைக் குறிக்கும். 1808 கடைசியில் பிரிட்டிஷ் படை ஸ்பெயினின் கொருன்னா துறைமுகம் நோக்கிப் பின்வாங்கியபோது, ஸ்கர்மிஷர்களான 95ஆம் ரைபிள் படையினர் பின்காவலாகவும் நின்று சுட்டார்கள். அவர்களைத் தூசி என்பது எப்படி?

சிறுபூசல், சண்டையின் அளவைச் சொல்கிறது. 1806இல் ஜெர்மனியின் யேனாவில், பிரெஞ்சுப் படைக்கும் பிரஷ்யப் படைக்கும் இடையே நடந்தது சிறுபூசலா? ஃபியர்ட்சேன்ஹைலிகன் ஊருக்கு வெளியே பிரஷ்யக் காலாட்படை தோளோடு தோள் நிற்கிறது. ஊருக்குள் சுவர், தோட்டம் என்று மறைந்துகொண்டு பிரெஞ்சுக்காரர்கள் சுடுகிறார்கள். வரிசையில் ஆட்கள் விழுந்துகொண்டே இருக்க, பதிலுக்குச் சுட்டால் குறிபார்க்க ஆளே தெரியவில்லை.

உதிரி எனக்கும் பிடித்ததுதான். சரத்தில் தொடுத்த பூவுக்கும் உதிரிப்பூவுக்கும் உள்ள வேறுபாடு சட்டென்று புரியும். ஆனால் 'உதிரிக் கட்சிகள்' என்று நாம் சொல்லும் தொனி வேறு. 1808 ஏற்பாட்டின்படி பிரெஞ்சு பட்டாலியனின் ஆறு கம்பெனிகளில் கிரனேடியர் ஒன்று, ஸ்கர்மிஷர் வேலைக்கான வோல்டிஷர் ஒன்று. இரண்டும் பொறுக்கியெடுத்த ஆட்கள்.

என் எண்ணம், ஆளுக்குப் பெயர் தேடுவதை விட்டுவிடலாம். பிரெஞ்சு வோல்டிஷர், ஜெர்மன் யேகர், பிரிட்டிஷ் ரைபிள் எல்லாம் படைப்பெயர்கள், அப்படியே இருக்கட்டும். அவர்களும் நெருங்கி வரிசையில் நிற்பதுண்டு. சாதாரண வரிசைப்படையும் தேவைப்பட்டால் கலைந்து சண்டையிடும். ஆக, நமக்கு வேண்டியது நிலைக்குப் பெயர்: நெருங்கி நின்றால் செறிநிலை, கலைந்து நின்றால் விரிநிலை.

மேசையிலும் அது பொருந்தும். செறிநிலைக்கு ஒரு பேஸில் (பொம்மைகளை ஒட்டும் அடித்தட்டில்) நான்கு பொம்மைகள், தோள் உரச. விரிநிலைக்கு அதே அளவு பேஸில் இரண்டே. ஒருவர் குறிபார்க்க, மற்றவர் முழங்காலிட்டுத் துப்பாக்கியில் மருந்து இடிக்கட்டும். அவர்கள் இணையாகத்தான் வேலை செய்தார்கள்: ஒருவர் துப்பாக்கி எப்போதும் நிரம்பியிருக்கும்.

—

ஐயா, தாளில் சரி. விளையாடும்போது வாயில் வருமா? 'விரிநிலைக்கு மாற்றுகிறேன்' என்று சொல்லி முடிப்பதற்குள் எதிராளி பகடையை உருட்டிவிடுவார்.

—

அவ்வளவு எதற்கு? 'இந்தக் கம்பெனியை விரிக்கிறேன்' என்றால் போதும். உதிரியை வைத்து அப்படிச் சொல்லிப் பாருங்கள்: 'கம்பெனியை உதிர்க்கிறேன்'. பொம்மையின் கை உடைந்தது போல இருக்கிறது.

குதிரைப்படை பாயும்போது விரிநிலையில் இருப்பவர்கள் சொந்தப் படைக்குப் பின்னால் ஓடி ஒதுங்குவதற்கு 'நழுவல்' என்று போட்டிருக்கிறேன். திறந்தவெளியில் மாட்டினால் அவர்கள் கதை முடிந்தது என்பதால் இந்த விதி அடிக்கடி வரும். இதைவிடச் சின்னச் சொல் இருந்தால் எழுதுங்கள்.