பேஸ்பால்: கன்ட்ரோலும் கமாண்டும் – இரண்டுக்கும் சொல் வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க பேஸ்பால் வீச்சாளர் கிரெக் மேடக்ஸ் பற்றிய மொழிபெயர்ப்பை வெள்ளிக்குள் அனுப்ப வேண்டும். 1986 முதல் 2008 வரை வீசி 355 ஆட்டம் வென்றவர். வீச்சாளரின் திறனுக்கு 20 முதல் 80 வரை மதிப்பெண் போடும் முறையையும் கட்டுரை விளக்குகிறது. 50 என்றால் சராசரி. அதில் கன்ட்ரோலுக்கு ஒரு கட்டம், கமாண்டுக்கு ஒரு கட்டம். எனக்கு இரண்டுக்கும் ‘கட்டுப்பாடு’தான் வருகிறது.

மட்டையாளர் முன் தரையில் பதித்த தட்டுக்கு மேலே ஒரு கற்பனைக் கட்டம் உண்டு, அதுதான் ஸ்ட்ரைக் எல்லை. பந்து அந்த எல்லைக்குள் விழுந்தால் கன்ட்ரோல். மட்டையாளருக்குப் பின்னால் பந்து பிடிக்கும் கேட்சர் கையுறை காட்டிய இடத்திலேயே விழுந்தால் கமாண்ட். 1997இல் மேடக்ஸ் 232 இன்னிங்ஸுக்கு மேல் வீசி 20 பேரைத்தான், நான்கு பந்து எல்லைக்கு வெளியே போனதால், சும்மா முதல் பேஸுக்கு அனுப்பினார். அதிலும் 6 பேரை வேண்டுமென்றே. இது கன்ட்ரோல். ஆனால் 17 அங்குலத் தட்டின் ஓரத்தை உரசிப் போகுமே ஒரு பந்து, அதற்கு என்ன சொல்?

---

> அதற்கு என்ன சொல்?

குறித்திறன். ஆனால் முதலில் ‘வீச்சாளரை’ மாற்றுங்கள். முழங்கையை மடக்கி நீட்டுபவர் எறிநர். எய்தல் வில்லுக்கு, எறிதல் வேலுக்கு, வீசுதல் வலைக்கு.

---

ஐயா, கிரிக்கெட்டில் ‘எறிகிறார்’ என்றால் நடுவர் நோபால் கொடுப்பார். வாசகர் குற்றம் என்றே எடுத்துக்கொள்வார். குறித்திறனைக் கண் ‘குறித்து’ என்று படித்துத் தடுக்குகிறது. இலக்காட்சி?

---

இலக்கு + ஆட்சி, புணர்ச்சி சரிதான். ஆனால் படிப்பவர் அதில் ‘காட்சி’யைத்தான் பார்ப்பார். குறியாட்சி எனலாம். வல்வில் ஓரியின் ஓர் அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் துளைத்ததே, அதுதான் குறியாட்சி.

---

அது வலிமை அம்மா. ஓரி குறிவைத்தது யானைக்கு. மற்ற நான்கும் அம்பின் வழியில் நின்றவை. மேடக்ஸ் வேகத்தால் பேர் வாங்கியவர் அல்லர். கோலியில் எதிராளி ஒரு குண்டைக் காட்டுவான். பக்கத்துக் குண்டில் படாமல் அதை மட்டும் அடிக்க வேண்டும். கேட்சர் காட்டுவதும் அப்படித்தான். தெருவில் ‘குறி தவறாது’ என்போம். குறிதவறாமை என்றே வையுங்கள்.

---

30 மதிப்பெண் வாங்கியவருக்கும் குறிதவறாமையா?

---

நேர்மைக்கும் பொறுமைக்கும் குறைவு, அதிகம் உண்டல்லவா?

---

நேரமில்லை, நண்பர்களே. குறியாட்சிக்கு மூன்று பேர் சரி என்றதால் ‘கட்டுப்பாடு’, ‘குறியாட்சி’ என்று அனுப்பிவிட்டேன். முதலில் வரும் இடத்தில் ‘காட்டிய இடத்தில் பந்தைப் போடும் திறன்’ என்று விளக்கமும் சேர்த்திருக்கிறேன். எறிநரைச் சேர்க்கவில்லை, ஐயா மன்னிக்க வேண்டும்.

---

குறிதவறாமைக்கு அந்த விளக்கம் தேவைப்பட்டிருக்காது. என் மறுப்பு அப்படியே இருக்கட்டும்.