வெளிநாட்டு ஊழியத்துக்குச் செல்லும் தம்பியின் ஒரு வாரம் எப்படிக் கழியும்?

கேள்வி (மூத்தவள்)

அனைவருக்கும் வணக்கம். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில் (மார்மன் சபை என்றும் சொல்வார்கள்) சேர்ந்திருக்கும் என் தம்பிக்கு, வெளிநாட்டில் இரண்டு ஆண்டுகள் முழுநேர ஊழியம், அதாவது மதப் பரப்புப் பணி, செய்வதற்கான அழைப்பு வந்திருக்கிறது. அவனுக்கு வயது 19. எங்கள் வீட்டில் அவனைத் தவிர வேறு யாரும் அந்தச் சபையில் இல்லை என்பதால், அங்கே அவன் என்ன செய்வான், யாருடன் இருப்பான், நாள் முழுவதும் தெருத்தெருவாக அலைவதுதான் வேலையா என்று அம்மா கேட்கும்போது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவனிடமே கேட்டால், "எல்லாம் நல்லபடியாகப் பார்த்துக்கொள்வார்கள், அக்கா" என்பதோடு நிறுத்திக்கொள்கிறான்.

அம்மாவுக்குப் பெரிய கவலை தொலைபேசிதான். வாரத்தில் ஒரு நாள் மட்டுமே வீட்டாரோடு பேசுவான் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவர் சரியாகத் தூங்குவதில்லை. அடுத்த கவலை, அவனுக்கு ஒரு சொல்கூடத் தெரியாத மொழியைப் பேசும் நாட்டுக்கு அவனை அனுப்புகிறார்கள் என்பது. உடம்புக்கு முடியாமல் போனால் யார் கவனிப்பார்கள் என்பதும் தெரியவில்லை.

மதத்தைப் பற்றிய விவாதத்தை இங்கே எதிர்பார்க்கவில்லை; அது எங்கள் வீட்டிலேயே போதுமான அளவு நடந்து முடிந்துவிட்டது. இப்படிப்பட்ட ஊழியத்தில் இருந்தவர்களோ, பிள்ளைகளை அனுப்பியவர்களோ இருந்தால், ஒரு சாதாரண வாரம் எப்படிப் போகும் என்பதைக் கொஞ்சம் விரிவாக எழுதினால் அம்மாவுக்குப் படித்துக் காட்டுவேன்.

பதில் 1 (வழிநடை)

வணக்கம், சகோதரி. அதே சபையில், அதே வயதில், வெளிநாட்டில் ஈராண்டு ஊழியம் செய்து திரும்பியவன் நான். அம்மாவுக்கு முதலில் சொல்ல வேண்டியது, உங்கள் தம்பி அங்கே ஒரு பொழுதும் தனியாக இருக்கமாட்டான் என்பதே. ஊழியர்களை எப்போதும் இருவர் இருவராகவே அனுப்புவார்கள். ஒரே அறையில் தங்கி, ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாக வெளியே சென்று, ஒருவர் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தொலைவிலேயே மற்றவர் இருக்க வேண்டும் என்பது விதி.

நான் இருந்த காலத்தில் காலை 6.30 மணிக்கு எழுந்து, அரை மணி நேரம் உடற்பயிற்சி செய்து, குளித்துச் சாப்பிட்டு, 8 மணிக்கு வேதம் படிக்க உட்கார வேண்டும். அதன் பிறகு இணை ஊழியரோடு சேர்ந்து படிப்பு, புதிய மொழி கற்பவர்களுக்கு மொழிப்பாடம், பிறகுதான் வாசலைத் தாண்டுவது. இரவு 9 மணி வாக்கில் திரும்பி, மறுநாளுக்குத் திட்டமிட்டு, 10.30க்கு விளக்கை அணைத்துவிடுவோம். 2017இல் இந்த அட்டவணையைச் சற்றுத் தளர்த்தி, அந்தந்த நாட்டின் வாழ்க்கை முறைக்கு ஏற்ப நேரத்தை மாற்றிக்கொள்ள இடம் கொடுத்தார்கள். உங்கள் தம்பியின் நேரங்கள் கொஞ்சம் முன்பின்னாக இருக்கலாம்.

வெளியே போன பிறகு என்ன நடக்கும் என்பதைத்தான் யாரும் சரியாகச் சொல்வதில்லை. பகலில் பெரும்பகுதி நடப்பதிலும் காத்திருப்பதிலும் கழிந்துவிடும். மாலை 4 மணிக்கு வரச் சொன்னவர் வீட்டில் இருக்கமாட்டார். அடுத்தவர் வேறொரு நாள் பார்க்கலாம் என்பார். கதவைத் தட்டியதும் உள்ளே காலடி ஓசை நெருங்கி வரும், கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு கணம் நிற்கும், பிறகு அதே ஓசை மெல்ல உள்ளே திரும்பிப் போகும். முதல் மாதத்தில் அது என்னை மிகவும் வாட்டியது. பிறகு பழகிப்போய், காலடியை வைத்தே கதவு திறக்குமா திறக்காதா என்று நானும் என் இணை ஊழியரும் கணித்துக்கொள்ளத் தொடங்கினோம். இப்போதெல்லாம் வீடுவீடாகத் தட்டுவது குறைந்து, சபையினர் அறிமுகப்படுத்துபவர்களைச் சந்திப்பதும் சமூக வலைத்தளங்கள் வழியே தொடர்பு கொள்வதும் கூடியிருக்கின்றன. ஆனாலும் மறுக்கப்படுவது என்னவோ அன்றாடம் நடப்பதுதான், அதற்கு அவன் மனத்தைத் தயார்ப்படுத்திக்கொள்வது நல்லது.

ஒவ்வொரு வாரத்துக்கும் சில நிலையான அடையாளங்கள் உண்டு. அருகருகே பணியாற்றும் சில இணைகள் வாரம் ஒருமுறை கூடிப் பேசுவார்கள். அந்தக் கூட்டத்தை நடத்துபவரும் இவர்களைப் போன்ற இளைஞரே. இன்னொரு நாள் இணை ஊழியரோடு இரண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்து, யார் யாரைச் சந்தித்தோம், அவர்களுக்கு என்ன தேவை, அடுத்து என்ன என்று ஒவ்வொரு பெயராக எடுத்துப் பேச வேண்டும். சில மணி நேரம் முதியவர்களுக்கு உதவுவது, பொருள் தூக்குவது, துப்புரவு செய்வது போன்ற பொதுச்சேவைக்கும் போகும். ஞாயிறன்று ஆராதனை. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு பெரும்பாலும் உபவாச நாள்.

உண்மையில் இந்த ஊழியத்தின் கடினமான பாடம் கதவுகளில் இல்லை, அறைக்குள் இருக்கிறது. முன்பின் அறியாத ஒருவரோடு இருபத்துநான்கு மணி நேரமும் இணைந்திருக்க வேண்டும். அவரை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது, விலக்கவும் முடியாது. என் இரண்டாவது இணை ஊழியர் பல் துலக்கும்போதுகூட உரக்கப் பாடுவார், பாத்திரத்தை மட்டும் கழுவமாட்டார். ஏறத்தாழ ஆறு வாரத்துக்கு ஒருமுறை இடமாற்ற அறிவிப்பு வரும், அப்போது இணையோ ஊரோ மாறலாம், இரண்டும் மாறாமலும் இருக்கலாம். சண்டை போட்டுவிட்டு வெளியே எழுந்து போக வழியில்லாத இடத்தில்தான் பேசித் தீர்க்கும் பழக்கம் எனக்கு வந்தது. என் மனைவி இதற்காக அவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்பாள்.

பதில் 2 (அந்திமழை)

சகோதரி, உங்கள் அம்மாவின் கவலையை என் தாயிடமும் கண்டிருக்கிறேன், ஆகையால் தொலைபேசியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். பெண்களுக்கான ஊழியக் காலம் 18 மாதங்கள். நான் போனபோது வீட்டுக்குத் தொலைபேசியில் பேச ஆண்டுக்கு இரண்டே வாய்ப்புகள்தான் இருந்தன: கிறிஸ்துமஸ் அன்றும் அன்னையர் தினத்தன்றும். மற்ற வாரங்களில் மின்னஞ்சல் மட்டுமே. 2019 பிப்ரவரியில்தான் வாரந்தோறும் பேசலாம், காணொளியிலும் பேசலாம் என்று விதியை மாற்றினார்கள். அம்மாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், வாரம் ஒருமுறை என்பது அவருக்குக் கொஞ்சம் பெரிதாகத் தோன்றலாம்.

அந்தப் பேச்சு நடப்பது 'ஆயத்த நாள்' என்று அவர்கள் குறிப்பிடும் நாளில். பல இடங்களில் அது திங்கட்கிழமை. பெயர் ஓய்வு நாள்போல ஒலித்தாலும், துணி துவைப்பது, காய்கறி வாங்குவது, முடி வெட்டிக்கொள்வது, அறையைப் பெருக்குவது, ஊழியத் தலைவருக்கு வாராந்தரக் கடிதம் எழுதுவது என்று வாரம் முழுவதும் தள்ளிப்போட்ட வேலைகள் அத்தனையும் அன்றுதான் வந்து குவியும். வெள்ளைச் சட்டையின் கழுத்துப்பட்டையில் படிந்த அழுக்கைப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக்கொண்டே தொலைபேசியைச் சுவரில் சாய்த்து வைத்து வீட்டாரோடு பேசும் இளைஞர்களை நான் பார்த்திருக்கிறேன். மாலை 6 மணியானதும் மறுபடி ஊழியத்துக்குக் கிளம்ப வேண்டும். எனவே அவன் அவசரமாகப் பேசினால், பாசம் குறைந்துவிட்டதாக அம்மா எண்ணிக்கொள்ள வேண்டாம்.

அழைக்க வேண்டியது அவன்தான், வீட்டிலிருந்து அழைப்பது வழக்கமில்லை. எல்லாரும் ஒவ்வொரு வாரமும் பேசியே ஆக வேண்டும் என்பதும் இல்லை, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பது ஊழியரின் விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கிறது. அவன் பழகிக்கொண்டிருக்கும் முதல் சில மாதங்களில் வாரந்தோறும் பேசுவது நல்லது என்பது என் எண்ணம், பிறகு அவனே முடிவுசெய்யட்டும்.

பேசும்போது உறவினர் அத்தனை பேரையும் திரையின் முன் கூட்டி வைக்காதீர்கள். ஆளுக்கு ஒரு வாக்கியம் பேசி முடிப்பதற்குள் நேரம் போய்விடும், அவன் சொல்ல நினைத்தது சொல்லப்படாமலே நின்றுவிடும். எப்போது திரும்பி வருவாய் என்று ஒவ்வொரு முறையும் கேட்பதையும் தவிர்க்கலாம். போன வாரம் அவன் குறிப்பிட்ட மனிதரைப் பெயர் சொல்லி, "அந்தப் பெரியவரின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள், அரை மணி நேரம் ஓடிவிடும். வீட்டில் ஏதேனும் துயரம் நேர்ந்தால் மறைக்க வேண்டாம், ஆனால் அதைப் பேச்சின் கடைசி நிமிடத்தில் சொல்லிவிட்டுத் தொடர்பைத் துண்டிக்கவும் வேண்டாம்.

பதில் 3 (கணக்கன்)

மன்னிக்கவும், யாரும் தொடாத கேள்வியை நான் கேட்கிறேன். 19 வயதில் இரண்டு ஆண்டுப் படிப்பை நிறுத்திவிட்டு, சம்பளமும் இல்லாமல், செலவில் ஒரு பங்கைத் தானே போட்டுச் செய்யும் வேலை இது. கல்லூரியில் இடம் காத்திருக்குமா என்பதை எழுத்துமூலம் உறுதிசெய்துகொண்டீர்களா? ஊழியம் புனிதமானதாக இருக்கட்டும், கல்லூரி அலுவலகத்துக்கு அது பொருட்டல்ல.

பதில் 4 (ஏட்டுப்பிரதி)

கணக்கன் கேட்டது நியாயமான கேள்வி, புறப்படும் முன்பே அதை முடித்துவிடுங்கள். நான் மொழியைப் பற்றிச் சொல்கிறேன். கிறிஸ்தவ ஊழியத்தின் வரலாற்றில் எனக்கு ஆர்வம் உண்டு, ஊழியராக இருந்ததில்லை.

வேற்று மொழி தேவைப்படும் ஊழியர்களுக்கு அந்தச் சபை பயிற்சி மையங்களில் ஆறு முதல் ஒன்பது வாரங்கள் வரை பயிற்சி தருகிறது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் புரோவோ நகரில் உள்ள மையமே அவற்றில் பெரியது, அங்கு ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளைக் கற்பிக்கிறார்கள். இலக்கணத்தை முடித்துவிட்டுப் பேசுவது என்ற முறை அங்கே இல்லை, தொடக்க நாட்களிலேயே தட்டுத்தடுமாறிப் பேச வைத்துவிடுவார்கள். அத்தனை வாரங்களில் மொழி வந்துவிடாது என்பது உண்மை. ஆனால் வெட்கம் போய்விடும், மீதியைத் தெரு கற்றுக்கொடுக்கும்.

தமிழருக்கு இது புதிய செய்தியும் அல்ல. 1706 ஜூலையில் தரங்கம்பாடிக்கு வந்து இறங்கியபோது ஜெர்மானிய லூத்தரன் ஊழியர் சீகன்பால்குவுக்கு 24 வயது நிறையவில்லை, தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு உட்கார்ந்து மணலில் எழுதிப் பழகியவர் அவர். பிற்பாடு தம் அன்றாட ஒழுங்கைக் கடிதத்தில் விவரித்திருக்கிறார்: காலை 6 முதல் 7 வரை ஞானோபதேச (கிறிஸ்தவ அடிப்படைப் போதனை) விளக்கம், அடுத்த ஒரு மணி நேரம் கற்ற சொற்களைத் திரும்பப் பார்ப்பது, 8 முதல் நண்பகல் வரை ஒரு புலவரையும் ஓர் எழுத்தரையும் அருகில் வைத்துக்கொண்டு தமிழ் ஏடுகளைப் படிப்பது. முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் இளம் ஊழியரின் முற்பகல் கிட்டத்தட்ட இதே வடிவில்தான் இருக்கிறது, காலையில் படிப்பு, பிறகு மக்கள். அவருடைய கடல் பயணம் மட்டுமே ஏழு மாதங்களுக்கு மேல் நீண்டது என்பதால், அவர் எழுதிய கடிதத்துக்கு மறுமொழி வர ஓராண்டுக்கு மேல் காத்திருந்தாக வேண்டும். இதை அம்மாவுக்கு ஆறுதலாகச் சொல்லலாமா என்பது தெரியவில்லை, என் அம்மாவாக இருந்தால் அடிக்க வருவார்.

மூத்தவள்

எல்லாருக்கும் நன்றி. நேற்றிரவு அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அந்தக் கழுத்துப்பட்டைச் செய்தியைக் கேட்டதும், "இவனுக்குத் துணி துவைக்கவே தெரியாதே!" என்று கவலை வேறு பக்கம் திரும்பிவிட்டது. கல்லூரியிலும் எழுதிக் கேட்டிருக்கிறோம். உடல்நலத்தைப் பற்றி மட்டும் யாராவது சொல்லுங்கள்.

வழிநடை

சகோதரி, ஒவ்வொரு ஊழியப் பகுதிக்கும் மூன்றாண்டுப் பொறுப்பில் ஒரு தம்பதி, ஊழியத் தலைவரும் அவர் மனைவியும், இருப்பார்கள். காய்ச்சலோ வயிற்றுக்கோளாறோ வந்தால் முதலில் அவர்களுக்குத்தான் சொல்ல வேண்டும், பெரும்பாலும் தலைவரின் மனைவிதான் பிள்ளைகளின் உடல்நலத்தைக் கவனித்துக்கொள்வார். மருத்துவர்களையும் மனநல ஆலோசகர்களையும் தொடர்புகொள்ள ஏற்பாடு உண்டு. உங்கள் தம்பியின் வயதில் பலர் நோயைச் சொல்லாமல் மறைப்பார்கள், அதிலும் மனச்சோர்வை விசுவாசக் குறைவு என்று எண்ணிக்கொண்டு விழுங்கிவிடுவார்கள். அப்படி மறைக்கக் கூடாது என்று வீட்டிலிருந்தே சொல்லி அனுப்புங்கள். தாங்க முடியாவிட்டால் பாதியில் திரும்பினாலும் இந்த வீட்டின் கதவு திறந்திருக்கும் என்பதை அம்மாவே தம் வாயால் சொல்லட்டும், அது அவனுக்குப் பெரிய பலம்.

நடக்க வசதியான, அடிப்பாகத்தை மாற்றித் தைக்கக்கூடிய இரண்டு இணைக் காலணிகளை வாங்கிக் கொடுங்கள். ஒரே இணையை நாள்தோறும் போட்டால் ஈரம் காயாமல் காலில் புண் வந்துவிடும். துவைப்பதையும் தேய்ப்பதையும் இந்த வாரமே தொடங்கிவிடலாம், சட்டையின் கையை மடிப்பு விழாமல் தேய்க்கத்தான் நாள் பிடிக்கும்.