பாலத்துக்கு முன்னால நிண்டா ஹீரோ காணாமப் போறான், உடுப்பில எதைக் கழிக்கிறது?

பிக்ஸல்_களுதாவளை எழுதினது:

எல்லாருக்கும் வணக்கம். நானும் கூட்டாளியும் சேர்ந்து போனுக்கு ஒரு கேம் செய்யிறம். கொடோ எண்ட கேம் செய்யிற மென்பொருளிலதான். பக்கவாட்டில ஓடிப் பாய்ஞ்சு போற வகை. முதல் லெவல் மட்டக்களப்புக் கல்லடிப் பழைய பாலம். 1924ல திறந்த அந்த இரும்புப் பாலத்தைக் கூட்டாளி அப்பிடியே பிக்ஸல்ல கொண்டுவந்திருக்கான். குறுக்குச் சட்டம், ஆணி, கீழ வாவி, பொழுதுபடுற வெளிச்சம் எல்லாம் நல்ல வடிவு.

பிரச்சினை நான் கீறின ஹீரோ. வாவியில வீச்சு வலை போடுற பொடியன், ராவில முகமூடி போட்டுக்கொண்டு வெளிக்கிடுவான். நெஞ்சில கவசம், தோள்ல ரெண்டு தட்டு, பை வச்ச பெல்ட், முழங்கால் காப்பு, முதுகில வலை, முகத்தில பாதி முகமூடி. நிறம் சாம்பலும் கடும் நீலமும். கொப்பியில பெருசாக் கீறக்குள்ள நல்லாத்தான் இருந்தது. கேமுக்க அவன்ட உயரம் 32 பிக்ஸல். பாலத்தில ஏத்தி விட்டா சட்டத்தோட சட்டமாப் போயிடுறான். தங்கச்சிட்ட போனைக் குடுத்தா "எங்க ஆள்?" எண்டு கேக்கிறாள்.

எதை எடுக்கிறது, எதை வைக்கிறது? இப்ப வாற சூப்பர் ஹீரோ உடுப்பெல்லாம் தட்டும் கோடுமாத்தானே இருக்கு, அதைப் பார்த்துத்தான் கீறினன். ஆளைச் சுத்தி வெள்ளைக் கோடு போட்டா வேலை முடிஞ்சுது எண்டு கூட்டாளி சொல்றான். எனக்கு அதில விருப்பமில்ல.

வாவிக்கரையான் (கல்லடி):

தம்பி, வெள்ளைக் கோடு வேணாம். முதல்ல ஹீரோவை முழுக்கக் கறுப்பால நிரப்பிப் போட்டு, போனைக் கைநீட்டுத் தூரத்தில பிடிச்சுப் பாருங்க. யாரெண்டு தெரியுதா? தோள் தட்டும் பெல்ட்டும் அப்ப எங்க போகுதெண்டு நீங்களே காணுவீங்க.

நான் படிச்ச முதல் ஹீரோ இரும்புக்கை மாயாவி, அதால அவரைக் கொண்டே சொல்றன். முத்து காமிக்ஸ் 1972ல போட்ட முதல் புத்தகமே அவர்ட கதைதான். இங்கிலாந்தில வேலியன்ட் இதழ்ல 1962ல தொடங்கினது. லூயிஸ் கிராண்டலுக்கு ஒரு கை இரும்பு. கரண்ட் பாய்ஞ்சா உடம்பு முழுக்க மறைஞ்சிடும், இரும்புக் கை மட்டும் மறையாது. கட்டத்துக்குள்ள ஆளே இல்ல, அந்தக் கை மட்டும் காத்தில போகும், கதவைத் திறக்கும், துவக்கைத் தூக்கும். ஆனா அவர் எங்க நிக்கிறார், எந்தப் பக்கம் திரும்புறார், விரல் மடங்கியிருக்கிறதை வச்சுக் கோவமா இருக்கிறாரா எண்டது வரைக்கும் நமக்கு விளங்கும். மலிவுத் தாளில மை ஊறி அச்சுக் கலங்கியிருந்தாலும் அந்தக் கை தெரியும். ஒரு பாத்திரத்தை வடிவமைக்கிறதெண்டா எனக்கு இண்டைக்கும் அதுக்கு மேல ஒண்டுமில்ல.

32 பிக்ஸல் காணாதெண்டு யோசிக்காதீங்க. 1981ல டாங்கி காங் கேமுக்கு மரியோவைக் கீறக்குள்ள அதை உருவாக்கின மியாமோட்டோவுக்கு 16 பிக்ஸல் உயரம்தான் கிடைச்சது. வாய் கீற இடமில்ல, அதால பெரிய மூக்கும் மீசையும். தலைமுடி கீறுறது கரைச்சல், அதால தொப்பி. ஓடக்குள்ள கை ஆடுறது தெரியோணும், அதால கைக்கு ஒரு நிறம், உடம்புக்கு ஒரு நிறம். தோள்பட்டி வச்ச அந்தக் களிசான் வந்ததே அதுக்குத்தான். உங்கட ஆளிட முழங்கால் காப்பு அப்பிடி என்ன வேலை செய்யுது? ஓடக்குள்ள கால் மடியிறதைக் காட்டினா வைங்க. இல்லாட்டி அதுக்கு அங்க இடமில்ல.

தட்டும் கோடுமான உடுப்பைப் பற்றியும் சொல்லத்தான் வேணும், கனநாளா மனசில கிடக்கு. 2011ல டிசி காமிக்ஸ் கம்பெனி எல்லாக் கதையையும் புதுசாத் தொடங்கக்குள்ள சூப்பர்மேனிட சிவப்பு ஜட்டியை எடுத்துட்டு, உயர்ந்த கொலரும் உடம்பெல்லாம் கோடும் போட்டாங்க. ஜிம் லீ கீறினதெண்டா நான் விட்டுவைக்கமாட்டன், எல்லாத்தையும் தேடிப் பார்க்கிறவன். ஆனா அந்த உடுப்பை என்னால ஏற்க ஏலாது. இடுப்பில அந்தச் சிவப்பு ஜட்டி இல்லாட்டி, பெல்ட்டைத் தவிர நெஞ்சுக்குக் கீழ சிவப்புச் சப்பாத்து வரைக்கும் ஒரே நீலம். பறக்கக்குள்ள உடம்பு எங்க வளையுது, கால் எங்க தொடங்குது எண்டு கண் பிடிக்காது. அந்த வெறுமையை நிரப்பத்தான் அத்தனை கோடும். 2018ல ஆக்‌ஷன் காமிக்ஸ் 1000வது இதழ்ல ஜட்டி திரும்பி வந்தது. அந்த அட்டையைக் கண்ட உடனே கூட்டாளிமார் எல்லாருக்கும் அனுப்பினன்.

உங்கட ஆளிட சொத்து வலைதான். அதை முதுகில ஒட்டி வைக்காம ஒரு தோளில போடுங்க, ஓடக்குள்ள பின்னால விரியட்டும். வலைக்கண் கீற வேணாம், இந்த அளவில அது புள்ளி புள்ளியாச் சிதறித்தான் தெரியும். ஒரே நிறத்தில ஒரு துண்டா நிரப்பிட்டு, கீழ் ஓரத்தில ஈயக்குண்டுக்கு நாலைஞ்சு வெளிர்ப் புள்ளி வைங்க. கவசம், தட்டு, பெல்ட் மூண்டும் போகட்டும்.

சாய்ந்தமருதுக்_கேமர்:

வாவிக்கரையான் காக்கா, வலை விசயத்தில நூறு வீதம் சரி. ஆனா கறுப்பால நிரப்பிப் பார்க்கிறதுதான் கடைசித் தீர்ப்பு எண்டா ஒத்துக்க மாட்டன். 1992ல வந்த முதல் மோர்ட்டல் கொம்பாட்டில ஸ்கோர்ப்பியனும் சப்-ஸீரோவும் ஒரே உடம்புதான். மஞ்சளையும் நீலத்தையும் மாத்தினாங்க, வேற ஆளாகிட்டாங்க. கறுப்பால நிரப்பினா ரெண்டு பேரும் ஒண்டு. ஆனா விளையாடின ஒருத்தனும் அவங்களை மாறிப் பார்த்ததில்ல. நிறத்துக்கு அவ்வளவு பலம் இரிக்கி.

மற்றது, நுணுக்கமான உடுப்பு கூடாதெண்டும் இல்ல. 2009ல வந்த பேட்மேன் ஆர்க்கம் அசைலம் விளையாடிப் பாருங்க. கதை போகப் போக அவர்ட உடுப்புக் கிழியும், மேலாடை ஓட்டை விழும், அந்த ராவு முழுக்க அவர் பட்ட அடியெல்லாம் உடுப்பிலயே கிடக்கும். உடுப்பில சாமான் இல்லாட்டி எதைக் கிழிக்கிற? பெரிய திரை, கமரா முதுகுக்குப் பின்னாலயே நிக்கிற கேம், அங்க அது வேணும். உங்கட கேமுக்கு வேணாம், அவ்வளவுதான்.

தம்பிட உண்மையான பிரச்சினை நிறம். பாலம் கடும் சாம்பல், ஆளும் கடும் சாம்பல். ஹல்க் 1962ல முதல் இதழ்ல சாம்பல் நிறத்திலதான் வந்தார். அச்சில அந்தச் சாம்பல் ஒழுங்கா நிக்கல்ல எண்டுதான் ரெண்டாவது இதழ்ல பச்சையாக்கினாங்க. நீங்களும் சாம்பலை விடுங்க. பின்னுக்கு செம்மஞ்சள் வானம், நடுவில கறுத்த சட்டம் எண்டா, ஆளுக்கு வெளிர் பச்சை நீலம் குடுத்துப் பாருங்க, வானத்திலயும் எடுபடும், சட்டத்திலயும் எடுபடும். பாலத்தையும் கொஞ்சம் மங்கலாக்கோணும். கூட்டாளி ஆணியெல்லாம் பார்த்துப் பார்த்துக் கீறியிருக்கார், அவருக்குக் கவலையாத்தான் இரிக்கும். அந்த ஆணியை லெவல் தொடக்கத்தில காட்டுற பெரிய படத்தில வைக்கச் சொல்லுங்க.

சல்லாரி (வந்தாறுமூலைப் பக்கம்):

ரெண்டு அண்ணன்மாரும் அமெரிக்காவும் ஜப்பானும் சுத்திட்டு வந்துட்டீங்க, நம்மட கூத்துக் களரியைப் பற்றி ஒருத்தரும் சொல்லல்ல. எங்கட அப்பப்பா வடமோடிக் கூத்து ஆடினவர். வட்டக்களரியில சனம் நாலு பக்கமும் இருக்கும், ராவு முழுக்க ஆட்டம். கடைசி வரிசையில இருக்கிற கிழவிக்கும் ராசா ஆரெண்டு தெரியோணும். அதுக்குத்தான் கரப்புடுப்பு. இடுப்பில இருந்து அகலமா விரிஞ்சு நிக்கும், தலையில கிரீடம், உடம்பெல்லாம் கண்ணாடித் துண்டு மினுங்கும். ராசா கிறுகி ஆடக்குள்ள உடுப்பு ஒரு சுத்துப் பிந்தி வரும், அதைப் பார்க்கத்தான் நான் சின்னனில நித்திரை முழிச்சிருக்கன். மற்ற வகைக் கூத்தான தென்மோடிக்கு உடுப்புப் பாரம் குறைவு, ஆட்டமும் வேற. ஆளுக்கு ஏத்த உடுப்பு, உடுப்புக்கு ஏத்த ஆட்டம் எண்டு கூத்துப் பழக்குற அண்ணாவிமார் அப்பவே பிரிச்சு வச்சிருக்காங்க.

இன்னொண்டு, வரவு, அதாவது பாத்திரம் முதல்ல களரிக்கு வாறது. ஆள் வாய் திறக்க முதலே மத்தளத்தில விழுற தாளமும் கால் வைக்கிற விதமும் ஆரெண்டு சொல்லிடும். உங்கட ஹீரோ ஓடுறது எப்பிடி? எல்லாக் கேமிலயும் ஓடுற மாதிரியே ஓடினா எந்த உடுப்புப் போட்டும் வேலையில்ல. தோணியில நிண்டு பழகின பொடியன் காலை அகட்டித்தானே வைப்பான்.

கரப்புடுப்போட பாலத்தில ஓட ஏலாதுதான். சாரத்தை (லுங்கியை) மடிச்சுக் கட்டி விடுங்க. இடுப்பில அகலம் வரும், கீழ ரெண்டு காலும் தனியாத் தெரியும். பெட்டிக் கோடு போட்ட சாரம் வேணாம், ஒரே நிறம்.

பிக்ஸல்_களுதாவளை:

அக்கா, சாரம் அருமை! எனக்கு அந்த யோசனையே வரல்ல. ராவே கவசத்தை எடுத்துட்டு வெளிர் பச்சை நீலத்தில சாரமும் தோளில வலையும் வச்சுக் கீறிட்டன். காலை அகட்டி ஓடுறதுக்குப் புதுசா ஆறு படம் கீறோணும், கூட்டாளி அதுக்குச் சம்மதம். பாலத்தை மங்கலாக்கத்தான் இன்னும் மனமில்லாம இருக்கான், கதைச்சுப் பார்க்கிறன்.

முகமூடியை மட்டும் சொல்லுங்க. பாதி மூடினா தாடையும் வாயும் தெரியும், ஆள் நம்மட ஊர்ப் பொடியன் எண்டு விளங்கும். அதால எடுக்க மனமில்ல.

வாவிக்கரையான் (கல்லடி):

சாரம் நல்லா அமையும். நானும் அதை எதிர்பார்க்கல்ல, சல்லாரித் தங்கச்சிக்கு நன்றி.

முகத்தை முழுக்க மூடுங்க தம்பி. உங்களுக்குத் தலைக்கே பத்துப் பிக்ஸல்தான் வரும், அதில பாதி மூடினா ரெண்டு நிறமும் கலந்து ஊத்தை மாதிரித் தெரியும். 1962ல ஓவியர் டிட்கோ ஸ்பைடர்மேனுக்கு முகம் முழுக்க மூடி, பெரிய வெள்ளைக் கண் ரெண்டை மட்டும் விட்டார். தோல் ஒரு இடத்திலயும் தெரியாது. அதாலதான் எந்த நாட்டுப் பிள்ளையும் உள்ளுக்க தன்னை வச்சுப் பார்க்கும். களுதாவளைப் பொடியன் எண்டு சொல்ல வலையும் சாரமும் தோணிக்கார நடையும் இருக்கு, தாடை தேவையில்ல.

கண் ரெண்டும் பெருசா, வெளிர் மஞ்சள். அடி வாங்கக்குள்ள சின்னதாகட்டும், பாயக்குள்ள பெருசாகட்டும். கோவமும் பயமும் அதிலயே வந்திடும். மாத்தின படத்தைத் தனியாப் போடாம பாலத்தில நிக்க வச்சுப் போடுங்க, போன்ல தெரியிற அளவிலேயே. பெருப்பிச்சுப் போட்டா எங்களுக்கு ஒண்டும் சொல்ல ஏலாது.