காரில் ஒரே சக்கரத்தில் திரும்பத் திரும்பப் பஞ்சர், ஒரே ஓரத்தில் தேய்மானம்: எங்கே தேடுவது?

பஞ்சர் வேலை செய்பவர்:
டயரை ரிம்மிலிருந்து பிரிப்பதற்கு முன்னால், வால்வுக்கு நேராக டயரில் சாக்பீஸ் கோடு ஒன்று போடுங்கள். வெளிப்பக்கம் எது என்றும் குறியுங்கள். ஓட்டை விழும் இடம் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி என்று ஒவ்வொரு முறையும் எழுதிவையுங்கள். இரண்டு முறையும் ஒரே இடம் என்றால் ரோட்டைத் திட்டிப் பயனில்லை. பட்டனுக்குள் (ரோட்டில் படும் ரப்பர் பகுதி) ஒடிந்த கம்பி முனை இன்னும் இருக்கிறது, அல்லது பழைய ஸ்ட்ரிப் (டியூப்லெஸ் டயர் ஓட்டையை அடைக்கும் ரப்பர் திரி) கசிகிறது. டயரின் உட்புறத்தைப் பழைய பனியன் துணியால் மெதுவாகத் தடவுங்கள், நூல் மாட்டும் இடத்தில்தான் கம்பி. வெறுங்கையால் தடவினால் விரல் கிழியும்.

ஓட்டையே இல்லாமல் காற்று இறங்கினால் சோப்புத் தண்ணீரை முதலில் வால்வின் அடியில் விடுங்கள், பிறகு பீட் (டயரின் உள் வளையம்) ரிம்மில் உட்காரும் விளிம்பு முழுக்க. கடலோர ஊர்களில் அலாய் ரிம் விளிம்பு உப்பில் அரித்து, அங்கே கசியும். தேய்த்துச் சுத்தம் செய்து பீட் சீலர் தடவினால் போதும். பலர் இதற்குப் புது டயரே வாங்கிவிடுகிறார்கள், வருத்தமாக இருக்கிறது.

பஞ்சர் பின் சக்கரத்திலேயே வருகிறதா? படுத்துக் கிடக்கும் ஆணியை முன் சக்கரம் நிமிர்த்திவிடும், பின் சக்கரம் அதில் ஏறும். அப்போது சந்தேகப்பட வேண்டியது தினமும் போகும் வழியை. கட்டடம் எழும்பும் தெருவா என்று பாருங்கள்.

அலைன்மென்ட் பார்ப்பவர்:
தேய்மானம் பெரும்பாலும் உள் ஓரத்தில் ஒளிந்திருக்கும். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து நிறுத்திவிட்டுப் பாருங்கள். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு, நடு மட்டும் தேய்ந்தால் அதிகம். பட்டன்மேல் உள்ளங்கையைக் குறுக்கே ஓட்டும்போது ஒரு திசையில் வழுக்கி மறு திசையில் ரம்பம்போல் பிடித்தால் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் கோணம்) தவறு. அங்கங்கே குழி குழியாக இருந்தால் ஷாக் அப்சார்பரையும் பேலன்சிங்கையும் பாருங்கள்.

அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) செய்தும் அதே தேய்மானம் திரும்புகிறது என்றால் ஆட்டம் இருக்கிற பாகத்தை மாற்றாமலே செய்திருக்கிறார்கள். ஜாக்கி போட்டு, ஸ்டாண்டு வைத்து, சக்கரத்தை இடமும் வலமும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் முதல் சந்தேகம் டை ராடு எண்ட் (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் முனை). மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது தெரிந்தால் இன்னொருவரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள்: ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட் (சக்கரத்தைத் தாங்கும் ஆர்மோடு இணைக்கும் உருண்டை மூட்டு). லோயர் ஆர்ம் புஷ் (அந்தக் கீழ் ஆர்மை வண்டியோடு பிடிக்கும் ரப்பர்) கையாட்டத்தில் தெரியாது, லீவர் வைத்து நெம்பித்தான் பார்க்க வேண்டும்.

டயர் கடையிலிருந்து:
பக்கச்சுவரில் வீக்கம் வந்தால் உள்ளே நூலிழை அறுந்துவிட்டது, அதை ஒட்டிச் சரிசெய்ய முடியாது. இடப்பக்க டயரிலேயே வந்தால் உடைந்த தார் விளிம்பில் இறக்கி ஏற்றுவதைக் கவனியுங்கள். காற்று குறைவாக இருந்தால் பள்ளத்தில் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே டயர் நசுங்கும். டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுப்படி, வண்டி ஓடுமுன் டயர் குளிர்ந்திருக்கும்போது காற்று பாருங்கள். பட்டன் ஆழம் 1.6 மி.மீ. ஆகிவிட்டால் காரணம் தேடுவதோடு டயரையும் மாற்றியாக வேண்டும்.

அலைன்மென்ட் பார்ப்பவர்:
பின் டயர் உள் ஓரம் தேய்ந்தால் ஒன்று சேர்க்கிறேன். நம் சின்னக் கார்கள் பலவற்றில் பின்னால் திருகிச் சரிசெய்ய எதுவும் கிடையாது. பின் ஆக்சில் வளைந்திருக்கிறதா என்று அளவெடுத்த தாளைக் கேட்டு வாங்குங்கள்.