மனித நாகரிகம் இயற்கையின் ஒரு பகுதியா, அதற்குப் புறம்பானதா?

கேள்வி – தேன்கூடு:
ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையோரம் 2,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் பவள உயிரிகள் எழுப்பியிருக்கும் திட்டை இயற்கை என்கிறோம்; அதே சுண்ணாம்பைச் சுட்டு நாம் எழுப்பும் நகரத்தைச் செயற்கை என்கிறோம். மனிதனும் பரிணாமத்தில் வந்த உயிரினந்தான் என்றால், அவனுடைய நாகரிகமும் இயற்கைதானே? அவ்வாறெனில், பூமிக்கு நாம் கேடு செய்கிறோம் என்ற குற்றச்சாட்டு எப்படி நிற்கும்?

மறுமொழி – கரிசல்:
நாகரிகம் இயற்கைதான் என்பதை நான் ஏற்கிறேன். ஆனால் அதை வைத்து நம்மை விடுவித்துக்கொள்ள முடியாது. ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன் சூரிய ஒளியால் உணவு தயாரிக்கும் சயனோபாக்டீரியா என்ற நுண்ணுயிர்கள் கழிவாக வெளியிட்ட ஆக்சிஜன், கடல்நீரில் கரைந்திருந்த இரும்பைத் துருவாகப் படியவைத்ததோடு, காற்றிலும் சேரத் தொடங்கி, அதைத் தாங்க முடியாத நுண்ணுயிர்களைச் சேற்றுக்கும் ஆழத்துக்கும் விரட்டியது. (நாம் இன்று வெட்டியெடுக்கும் இரும்புத்தாதில் பெரும்பகுதி அத்தகைய படிவுகளிலிருந்து வருவதே.) இயற்கையாக நடந்தது என்பதால் அது எவருக்கும் தீங்கற்றதாகிவிடவில்லை.

மறுமொழி – நிலவரைவன்:
கரிசல் சொல்வதில் கால அளவு விடுபட்டுவிட்டது. அந்த மாற்றம் கோடிக்கணக்கான ஆண்டுகளில் நிகழ்ந்தது. கடைசிப் பனியுகம் முடிந்தபோது, காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் ஏறத்தாழ 80 பங்கு உயரப் பல ஆயிரம் ஆண்டுகள் பிடித்தன. தொழிற்புரட்சிக்கு முன் 280ஆக இருந்த அளவோ, மூன்று நூற்றாண்டுகூட ஆகாத நிலையில் 420ஐத் தாண்டிவிட்டது. மற்ற உயிர்கள் பெரும்பாலும் அந்தந்தக் காலத்து வெயிலில் விளைந்ததை உண்டு வாழ்கின்றன. நாமோ 30 கோடி ஆண்டுகளுக்கு முந்திய காடுகள் சேர்த்துவைத்த வெயிலையும் நிலக்கரியாகத் தோண்டி எரிக்கிறோம். என் பார்வையில் பிளவு அங்கேதான் தொடங்குகிறது.

மறுமொழி – மழைக்காகம்:
நிலக்கரியில் கோடு போடுவதை நான் ஏற்கவில்லை. நியூசிலாந்தில் மனிதர் குடியேறிய இரு நூற்றாண்டுகளுக்குள், இறக்கையே இல்லாத மோவாப் பறவை இனங்கள் அனைத்தும் அழிந்துபோயின. அவர்களிடம் இரும்புக் கருவிகூடக் கிடையாது.

தேன்கூடு:
மூவருக்கும் நன்றி. பாக்டீரியாவும் நாமும் ஒரே வேலையைத்தான் செய்தோம் என்றால், பொறுப்பு நமக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது?

மழைக்காகம்:
முன்கூட்டியே அறிய முடிவதிலிருந்து வருகிறது என்பேன். மத்திய ஆசியாவின் ஏரல் கடலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆமு தரியா, சிர் தரியா ஆகிய ஆறுகளைப் பருத்தி வயல்களுக்குத் திருப்பினால், அன்று உலகின் நான்காவது பெரிய ஏரியாக இருந்த அது வற்றும் என்பதைச் சோவியத் திட்ட வல்லுநர்கள் அறிந்தே இருந்தனர். பருத்தியால் வரும் ஆதாயம் மீன்பிடி இழப்பைவிடப் பெரியது என்று கணக்கிட்டே 1960களில் நீரைத் திருப்பினர். வறண்ட ஏரிப்படுகையிலிருந்து உப்பும் பூச்சிக்கொல்லி எச்சமும் கலந்த புழுதி கிளம்பி, சுற்றியுள்ள ஊர்களின் மூச்சில் புகும் என்பது அக்கணக்கில் இடம்பெறவில்லை. பின்னர் 2005இல் கஜகஸ்தான் கட்டிமுடித்த கோக்-ஏரல் அணையால் வடபகுதியில் நீர் உயர்ந்து, உப்பு குறைந்து, மீன்களும் திரும்பின. தென்பகுதியோ பெரும்பாலும் பாலையாகவே கிடக்கிறது. ஆமு தரியாவின் நீர் இன்றும் வயல்களுக்கே போகிறது.